பனி என்று போட்ட எஞ்சின்கள்

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதத்தில் ஒரு நாள், வெரிபீ என்ற புறநகரில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே அகதிப் படகில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். அன்றைக்கு, வரும் வழியில் கடலில் போன அவருடைய கணவரின் திவசம். ஐயர் வந்து போன பிறகு அக்கா படத்துக்கு முன்னால் முதல் இலையைப் போட்டுப் படைப்பார். இரண்டாவது இலை எனக்கு. அவரைக் கடைசியாகக் கண்ட ஆள் நான் என்பதால் அந்த மரியாதை. பூசணிக்காய்க் கறி, பயத்தங்காய், பாகற்காய்ப் பொரியல், வடை எல்லாம் வைத்து முடிந்ததும், கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தம்பி, விழேக்க அவர் கூப்பிட்டவரே?"

"இல்லை அக்கா. எஞ்சின் இரைச்சல். ஒண்டும் கேக்கேல்லை."

"சரி. நீங்கள் சாப்பிடுங்கோ."

பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். படகில் அன்று காலை இருவருக்கும் வாய்த்தர்க்கம். மனிதருக்கு முதலிலிருந்தே கடலில் ஏற விருப்பம் இல்லை. குழந்தை கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துச் சுருண்டு கிடந்தபோது அவர் ஏதோ குறை சொல்லப்போக, அக்கா எல்லோருக்கும் முன்னால், "நீங்கள் வராமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மனிதர் ஒருவரோடும் கதைக்கவில்லை. பின்னேரம் படகின் முன்பக்கம், அணியத்திலிருந்து எழும்பிப் பின்பக்கம் வந்தார். பிறகு காணவில்லை. கூப்பிட்டிருந்தால் அது தவறி விழுந்தது. கூப்பிடவில்லை என்றால் அவராகவே குதித்தது. என்னுடைய "ஒண்டும் கேக்கேல்லை" என்ற பதில், அக்கா சொன்ன அந்தச் சொல்தான் அவரைக் கொன்றது என்று வருடத்துக்கு ஒருமுறை அக்காவுக்கே சொல்லிக்கொண்டு வந்தது.

உண்மை என்னவென்றால், அவர் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது.

ஆவி, பேய் என்று கதைப்பவர்களைக் கண்டால் எனக்கு விசர் வரும். செத்தவர் எனக்கு முன்னால் வந்து நின்றதில்லை. கனவிலும் வந்ததில்லை. ஆனால் எந்த மோட்டார் ஓடினாலும் அதற்குக் கீழே ஒருவர் கூப்பிடுவது எனக்குக் கேட்கும். டார்னெய்ட்டில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், என் அறைச் சுவருக்கு மறுபக்கம் குளிர்சாதனப் பெட்டி. அது உறுமத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை தாங்க முடியாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மற்றவர்களின் கோழி இறைச்சி எல்லாம் பழுதாகி, வீடே என்னோடு சண்டைக்கு வந்தது. ட்ருகனினா வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எனக்கு மோட்டார்ச் சத்தம் ஆகாது என்றால் யார் நம்புவார்கள். வாயை மூடிக்கொண்டு புதுப் பெட்டி வாங்குவதற்குப் பங்கு கொடுத்தேன்.

இந்தக் காதுக்குத்தான் ஒருவர் வேலை தந்தார்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் சென்னைக்காரப் பெண் ஒருவர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஒரு நாள் அவருடைய கார் என்னைக் கடந்து போனபோது கையைக் காட்டி மறித்து, "தங்கச்சி, பெல்ட் ஓடுற கப்பியின்ரை பெயாரிங் போகப்போகுது, இதோடை தூரம் போகாதேங்கோ" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் கதவைத் தட்டினார். கராஜ்காரரும் அதையேதான் சொன்னாராம்.

"அண்ணா, உங்க காதுக்கு ஒரு வேலை இருக்கு. திமிங்கலம் பேசறதைக் கேக்கணும்."

"தங்கச்சி, நான் திமிங்கிலத்தைக் கருவாடாக்கூடக் கண்டதில்லை."

அவர் சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆறு கடலில் விழும் இடம். கோடைக்கு அங்கே பனி உடைந்ததும் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலங்கள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். குட்டி ஈனுவதும் அந்தக் காலத்தில்தான். அவர் வருடாவருடம் அங்கே போய்த் தண்ணீருக்கு அடியில் மைக்குகளைக் கட்டிவிட்டு வருவார். ஒலிப்பதிவு மலைபோல் குவிந்து கிடந்தது. தெளிந்த சத்தம் என்றால் கணினியே பிரித்துவிடும், இரைச்சலோடு கலந்ததை மனிதக் காதுதான் கேட்டுப் பிரிக்க வேண்டும் என்றார். பல்கலைக்கழகத்தில் மணித்தியாலக் கணக்குக்கு வேலை. என்னிடம் இருப்பது தற்காலிக விசா என்றாலும் வேலை செய்ய அனுமதி இருந்தது. வெயார்ஹவுஸ் எனக்குப் பின்னேரம்தான். காலையில் கேட்கலாம்.

திமிங்கிலம் என்றால் வாயைத் திறக்காத பெரிய சீவன் என்று நினைத்திருந்தேன். இவை வாய் ஓயாதவை. சீட்டி அடிக்கும், கிளிபோலக் கீச்சிடும், பல்லை நறநறக்கும், சில நேரம் மனிதர் முணுமுணுப்பது போலவும் இருக்கும். ஆற்று மண் கலங்கிய தண்ணீர். அதில் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அதனால் தாய் கூப்பிடும், குட்டி பதில் சொல்லும். தாயின் கூப்பாடு துருப்பிடித்த பிணைச்சலில் கதவு திறப்பதுபோல நீளமாக இருக்கும். பிறந்து சில நாளான குட்டிக்குச் சரியாகக் கூப்பிடவும் வராது. தாழ்ந்த குரலில் ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். அதை முதன்முதலாகப் பிடித்த அன்று நான் தேத்தண்ணி ஆறியதுகூடத் தெரியாமல் இருந்தேன். வாழ்க்கையில் அப்படியொரு சந்தோசம் வந்து கனகாலம்.

வேலை லேசு. திரையில் சத்தத்தின் படம் ஓடும். கேட்டதைச் சுற்றிப் பெட்டி போட்டு, அதற்கு ஒரு பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். தாய், குட்டி, பனி, எஞ்சின், தெரியாது என்று ஐந்து பெயர்கள். பனி என்றால் பனிக்கட்டிகள் உரசுகிற, உடைகிற சத்தம்.

இரண்டாவது கிழமை முதல் எஞ்சின் வந்தது. படகின் பின்னால் பூட்டுகிற நாற்பது குதிரைச் சக்தி அவுட்போர்ட். ஒரு ஸ்பார்க் பிளக் ஒழுங்காக அடிக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரிந்தது. ஊரில் பத்து வருடம் படகு எஞ்சின் திருத்தினவன் நான். பெட்டியைப் போட்டேன். கை போய்ப் "பனி" என்பதை அழுத்தியது. நான் யோசிக்கவே இல்லை. அடுத்த எஞ்சினுக்கும் பனி. அதற்கடுத்ததுக்கும் பனி.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் கடற்கரையில் வளர்ந்தவர்களிடம் படகு போனதா என்று யார் வந்து கேட்டாலும், துவக்கோடு வந்தவன் எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும், பதில் ஒன்றுதான். காணவில்லை, கேட்கவில்லை. படகு கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் காணவில்லை. அதை யாரும் சொல்லித் தந்ததில்லை, சோறு தின்னப் பழகியது போலப் பழகியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அதுதான். எந்தப் படகு, யார் ஓட்டினது, எங்கே ஏறினீர் என்று விசாரிக்கிற அதிகாரிகளுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் செவிடர். பெலூகாவைப் பார்க்க வந்த அந்தப் படகுகளில் தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள்தான் இருந்திருப்பார்கள். அவர்களை யார் பிடித்து, படகில் வந்த அகதிகளை வைக்கிற எந்தத் தீவில் அடைக்கப் போகிறார்கள். மூளைக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை. எட்டு மாத வேலையில், அந்த ஆற்றுமுகத்தில் ஓடின படகுகள் எல்லாவற்றையும் நான் பனிக்குள் ஒளித்துவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சென்னைக்காரப் பெண் மடிக்கணினியோடு வந்து எங்கள் குசினி மேசையில் இருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணா, குட்டி போடற அந்த நாலு வாரமும் படகெல்லாம் தள்ளிப் போகணும், கப்பலெல்லாம் மெதுவா போகணும்னு அங்க ஒரு கமிட்டிகிட்ட கேக்கறோம். அந்த ஊர்க்காரங்களும் அதைத்தான் கேக்கறாங்க. எஞ்சின் சத்தத்துல தாயும் குட்டியும் ஒண்ணையொண்ணு தொலைச்சுடுதுன்னு நான் காட்டணும். ஆனா நம்ம டேட்டால குட்டிங்க சத்தம் திடீர் திடீர்னு நின்னுபோகுது, அந்த நேரத்துல ஒரு போட் கூட இல்ல. எல்லாம் பனி. மைக் கெட்டுப்போச்சான்னு தெரியல. இப்படியே கொடுத்தா, எஞ்சின் மேல தப்பே இல்லன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி போட மறந்துபோனேன். அவர் குடித்துவிட்டுப் போனார். பொய்த் தகவல் கொடுத்தவன் என்ற சொல் என்னைப் போன்றவனின் விசாவுக்கு என்ன செய்யும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

அவர் போன பிறகு, நான் பனி என்று போட்ட பதிவுகளில் ஒன்றை எடுத்துத் திரும்பக் கேட்டேன். இந்த முறை எஞ்சினை விட்டுவிட்டு அதற்குக் கீழே கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அதற்குத்தானே என் காது பழகியிருந்தது. முதலில் தாய், பிறகு குட்டி. தாய், குட்டி. எஞ்சின் கிட்ட வருகிறது. குட்டியின் உறுமல் எஞ்சினுக்குக் கீழே இரண்டு முறை கேட்கிறது, பிறகு இல்லை. எஞ்சின் தூரமாகிப் போய் மறைகிறது. அதன் பிறகு தாய் மட்டும் கூப்பிடுகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்கிறது, திரும்பக் கூப்பிடுகிறது. நாற்பது நிமிடம் அந்தப் பதிவு முடியும்வரை தாய்தான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறம் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படகில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். எஞ்சின் வேலை தெரிந்தவன் என்று என்னைப் படகில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். அன்று மட்டும் எஞ்சின் இரண்டு முறை நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று. இரண்டாம் முறை எஞ்சினைக் கிளப்ப நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும், பற்றரி செத்துக்கொண்டிருந்தது. "இனி நிப்பாட்டினால் எடுக்காது" என்று ஓட்டியிடம் நானே சொன்னேன். பின்னேரம், இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்காவின் கணவர் எனக்குப் பின்னால் வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். ஒரு அலை தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்க்க அவர் இல்லை. படகுக்குப் பின்னால் ஒரு சத்தம். ஓட்டி என்னைப் பார்த்து, "என்ன சத்தம்?" என்று கேட்டான். நான், "ஒண்டுமில்லை, தண்ணி" என்றேன். இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறை இன்னும் தூரத்தில் கேட்டது. அறுபது பேர் நடுக்கடலில் நிற்கப்போகிறோம் என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த அறுபது பேரில் நானும் ஒருவன், என் உயிருக்குப் பயந்தேன் என்பதுதான் சரி. அக்கா ஆளைக் காணவில்லை என்று கத்தி, ஓட்டி படகைத் திருப்பியபோது அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. அது கடைசிவரை நல்லாய் ஓடியது. கரைக்கு வந்த பிறகு விசாரணையில், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன்.

ஞாயிறு காலை மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தங்கச்சி, மைக் பழுதில்லை. அதெல்லாம் பனியும் இல்லை. எஞ்சின். நான்தான் பனி எண்டு போட்டனான்."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"தெரியாம போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான். எந்த எஞ்சின், எத்தினை குதிரை எண்டெல்லாம் தெரியும். எங்கடை ஊரில படகு போனதோ எண்டு ஆர் கேட்டாலும் இல்லை எண்டுதான் சொல்லுவம். கை அப்பிடியே போட்டுது."

அவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார். "எட்டு மாசம், அண்ணா" என்றார். பிறகு, "இங்க உங்களை யாரும் பிடிக்க மாட்டாங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பிடிக்கமாட்டினம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? உங்கடை பாஸ்போட் வேறை, என்ரை கடுதாசி வேறை." பிழை செய்தவனும் நான், கத்துகிறவனும் நான். அவர் அழுதார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் முதல் மாதப் பதிவுகளை எடுத்து இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுக்காதது தன் பிழையும்தான் என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். அறிக்கை கொடுக்கப் பதினொரு நாள் இருந்தது. வெயார்ஹவுஸில் லீவு போட்டுவிட்டு, பனி என்று போட்ட ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டேன். எஞ்சின் என்று போட்டேன். எஞ்சினுக்குக் கீழே கேட்ட ஒவ்வொரு குட்டிக்கும் தனிப் பெட்டி போட்டேன்.

அந்த நாற்பது நிமிடப் பதிவுக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன்: "இந்தக் குட்டி செத்துப்போச்சோ?"

"தெரியாதுண்ணா. வேற பக்கம் போய்த் தாயோட சேர்ந்திருக்கலாம். சேராமலும் இருக்கலாம். நமக்குக் கேக்காததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கேட்டுதுன்னா கேட்டுதுன்னு எழுதணும். அது மட்டும்தான் நம்மால முடியும்."

அறிக்கை போனது. கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர் இந்தக் கோடைக்கும் மைக்குகளோடு அங்கே போனார். எனக்கு ஆவணி வந்தது.

இலை போடுமுன் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் அக்காவைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டேன். ஐயர் போனார். அக்கா படைத்தார். எனக்கு இலை வந்தது, சோறு வந்தது, கறிகள் வந்தன. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா கதிரையை இழுத்தார்.

"தம்பி, விழேக்க அவர் கூப்பிட்டவரே?"

"ஓம் அக்கா."

அவருக்கு முதலில் ஏறவில்லை. வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"கூப்பிட்டவர். மூண்டு தரம். எனக்குக் கேட்டது. ஓட்டி என்ன சத்தம் எண்டு கேட்டவன். எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப எடுக்காது எண்ட பயத்திலை, ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு கூப்பிட்டவர்?"

"முதல் சும்மா கத்தினவர். ரெண்டாந்தரம், நிப்பாட்டுங்கோ எண்டவர். மூண்டாந்தரம் பிள்ளையின்ரை பேரைச் சொன்னவர்."

அக்கா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். "அப்ப அவர் குதிக்கேல்லை" என்றார்.

"இல்லை அக்கா."

"நான் சொன்ன கதையாலை இல்லை."

"இல்லை."

அவர் அழுதார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு திவசத்துக்கும் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. வாயைப் பொத்தாமல், படத்தைப் பார்த்து, ஐயோ என்ரை ராசா, ஐயோ என்ரை ராசா என்று அழுதார். அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ஒவ்வொரு வருசமும் இதிலை இருந்து, என்ரை கையாலை வாங்கிச் சாப்பிட்டனீ."

"ஓம்."

"பிள்ளையைக் கூப்பிடுறன். அவளுக்கும் சொல்லு. ஒண்டையும் விடாமல் சொல்லு. அவளும் அப்பா தன்னை விட்டிட்டுப் போனவர் எண்டுதான் வளந்தவள்."

பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. பாடசாலை உடுப்போடு வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன், "ஒண்டுமில்லை, தண்ணி" என்று சொன்னதையும் சேர்த்து. அவள் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பாவுக்குத் திரும்பிவர விருப்பம் இருந்ததா என்று. இருந்தது என்றேன்.

அக்கா என் இலையை மடித்து எடுத்தார். "கையைக் கழுவிப்போட்டுப் போ. இனி வராதை" என்றார். நான் கை கழுவினேன். விசாரணையில் நான் வைத்த அந்தப் பழைய கையெழுத்தைப் பற்றி அவர் யாரிடம் சொல்வார், சொன்னால் எனக்கு என்ன நடக்கும் என்றெல்லாம் தெரியாது. கேட்கவும் இல்லை.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை பின்னால் வந்தாள். என்னோடு ஒரு நாளும் தமிழில் கதைக்காதவள்.

"என்ரை பேரை எப்பிடிக் கூப்பிட்டவர்? அதே மாதிரிக் கூப்பிடுங்கோ."

நான் நிமிர்ந்து நின்றேன். அவர் தண்ணீரிலிருந்து கூப்பிட்ட மாதிரியே, அதே இழுவையோடு, என்னால் முடிந்த அளவு உரக்க அவள் பெயரைக் கூப்பிட்டேன். நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தெருவின் மறுபக்கத்தில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.